இடாப்பில் ஒருத்தி, உரலடியில் இருவர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னிடம் ஒரு அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள் என்று சொன்னால் என் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுதினேன். படித்த பெரிய மனுசி ஒருத்தி அதைக் கதிரையில் இருக்காமல் நின்றபடியே வாசித்து முடித்தார். அதை நான் கண்ணால் கண்டேன்.

அப்போது நாங்கள் சண்டையால் வட்டக்கச்சி வீட்டையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்து, ஜெயபுரத்தில் தென்னங்கிடுகால் கொட்டில் போட்டு இருந்தோம். ஊர்க்காரர் அநேகம் பேர் மலையகத்துச் சனம். தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர்களுடைய வளவுக் காணிகளுக்குள் எங்களைப் போல வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு உதவி நிறுவனம், உழைப்பாளி இல்லாத வீடுகளின் பெண்களுக்காக அங்கே ஒரு சத்துமாக் கொட்டில் நடத்தியது. அரிசி, பயறு, கடலை எல்லாவற்றையும் வறுத்து, உரலில் இடித்து, அரித்துப் பொதி செய்வார்கள். அந்த மா தாய்மார் கிளினிக்குக்கும் பாலர் பாடசாலைக்கும் போகும். இருபது பேருக்கு அங்கே இடம்.

ஒரு வருடம் ஓடியது. கொட்டில் நடத்தியதால் அந்த வீடுகளுக்குப் பிரயோசனம் உண்டா, ஆர் நிலைத்தார்கள், ஆர் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று வீடு வீடாகப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது எங்கள் பிள்ளையாரால்தான். மரத்தடியில் ஓலைக் கூரைக்குள் இருந்த அவருக்கு வெள்ளிக்கிழமைகளில் நான் தேவாரம் படிப்பேன். பொங்கலுக்கு வீடு வீடாக அரிசி சேர்ப்பதும், அறிவித்தல்களை மட்டையில் எழுதித் தொங்கவிடுவதும் நான்தான். திட்ட உத்தியோகத்தர், பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் புகை கக்கிக்கொண்டு அந்த வழியாகப் போனவர், அறிவித்தலைப் பார்த்து நிறுத்தினார்.

“இது ஆரின்ரை எழுத்து?”

“என்ரை எழுத்துத்தான் ஐயா.”

“முத்து முத்தா இருக்கு. ஒரு போம் நிரப்பித் தருவீங்களோ?”

ஒரு போம் என்றவர் மறுநாள் படிவங்கள் ஒரு கட்டே கொண்டுவந்தார். கொட்டிலில் இருக்கிற இருபது பேருக்கும், இடையில் நிறுத்தப்பட்டவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. கடைசி வரியில் இரண்டு பெட்டி இருந்தது. ஒன்றில் ‘தொடரலாம்’, மற்றதில் ‘நிறுத்தலாம்’. “நீங்கள் போடுற புள்ளடியை வைச்சுத்தான் அம்மா நாங்கள் முடிவெடுக்கிறது. இடம் கேட்டு எத்தினை பேர் காத்துக்கொண்டு நிக்கினம் தெரியுமோ?” என்றார். அந்தக் கட்டைக் கையில் வாங்கும்போது எனக்கு உண்மையாகவே கனத்தது.

முதல் நாள் கிணற்றடியில் தோய்ந்து, திருநீறு பூசி, கொப்பியும் பேனையுமாகப் புறப்பட்டேன். முதல் வீட்டிலேயே, “அம்மா, போன மாதம்தானே கோயிலுக்கு அரிசி தந்தனாங்கள்!” என்று வரவேற்றார்கள். இன்னொரு வீட்டில் நான் வேலிப் படலையடிக்கு வரும்போதே சுளகோடு நெல்லை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கோயில் விசயமாக வரவில்லை, கொட்டில் விசயமாக வந்தேன் என்று விளங்கியதும் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். “ஒரு குறையும் இல்லையம்மா. ஒரு இடைஞ்சலும் இல்லை.” குறை சொன்னால் இடம் போய்விடுமோ என்ற பயம். நானும் கேட்டபடியே எழுதினேன். எட்டு வீடு முடித்து உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வேலைக்குப் போக இருக்கிற இடைஞ்சல்: இல்லை, இல்லை, இல்லை... இடைஞ்சல் இல்லாத ஆக்களுக்கோ அம்மா நாங்கள் இந்தக் கொட்டிலைப் போட்டனாங்கள்?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். வயல் இல்லாததால் அந்த நாட்களில் அவருக்கு என்னைப் பகிடி பண்ணுவதே தொழில்.

“நீ பேனையோட போய் நிண்டால் ஆர் வாய் திறக்கிறது? பொலிசு மாதிரி எல்லே போறாய்” என்றார்.

பகிடியாகச் சொன்னாலும் சரியான கதை. அடுத்த நாள் பேனையைக் கொப்பிக்குள் மூடி வைத்தேன். வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “நீர் வெளிக்கிட்டால் வீட்டில ஆர் நிக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், அணை திறந்த மாதிரி! ஒருத்தி தன் கைக்குழந்தையைப் பற்றி, ஒருத்தி மழைக்காலத்தில் மூடிப்போகிற பாதையைப் பற்றி, ஒருத்தி குடிகாரத் தகப்பனைப் பற்றி, இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்துதான் எழுதுவேன். மறக்காமல் இருக்க வழியெல்லாம் சொல்லிச் சொல்லி நடப்பேன். எனக்கு இந்தக் கேள்வியை ஆரும் படிப்பித்துத் தரவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, சொன்னால் என்ன.

இருபது பேருக்குள்ளும் உத்தியோகத்தர் தலையில் வைத்து ஆடியது ஒருத்தியைத்தான். மலையகத்துப் பெண். புருசன் செத்துவிட்டான். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் வராமல் விழுந்த மாமியாரை வைத்துப் பார்ப்பவள். “இந்தக் கஷ்டத்திலையும் ஒரு நாள்கூட விடேல்லை, வரவு இடாப்பைப் பாருங்கோ” என்று எல்லாருக்கும் அவளை உதாரணம் காட்டுவார். ஆண்டு முடிவுக் கூட்டத்தில் அவளுக்குப் பரிசு கொடுக்கவும் ஏற்பாடு. பெயர் எழுத வேண்டாம். அவளுக்குச் சொந்தமாக ஒரு துண்டு வளவு இருந்ததால் வளவுக்காரி என்றே சொல்கிறேன்.

நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தி எங்கள் வட்டக்கச்சியாள். வேறு வாய்க்கால் பக்கம் இருந்தவள், எனக்கு முகப் பழக்கம் இல்லை. புருசன் கொழும்புப் பக்கம் போய் ஒரு தகவலும் இல்லை. ஒரு மகள், வலிப்பு வருகிற பிள்ளை. முதல் மாதமே அடிக்கடி வராமல் விட்டதால் பெயரை வெட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை நான் கொட்டிலில் இருந்து இடாப்பைப் பார்த்து, ஆர் எத்தனை நாள் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயருக்கு நேரே அடையாளம் வைத்தார்கள். கொட்டிலுக்குள் எல்லாரும் தலையையும் மூக்கையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருக்க வேண்டும். மாவுக்குள் முடி விழக்கூடாது, தும்மல் விழக்கூடாது என்று உத்தியோகத்தர் போட்ட சட்டம். கண் மட்டும்தான் தெரியும். வளவுக்காரியின் வரியில் ஒருத்தி பெருவிரல் வைத்தாள். “நீர்தானோ அந்தக் கெட்டிக்காரி? பிள்ளையார் உம்மைக் கைவிட மாட்டார்” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உலக்கையை எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கேயிருந்து நேரே வட்டக்கச்சிப் பெண்ணைத் தேடிப் போனேன். ஒரு வளவுக்குள் பத்தடி தூரத்தில் இரண்டு கொட்டில்கள். ஒரு பெண் வாசலில் இருந்து, ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் ஒரு கிழவி ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தா.

“நீரோ பிள்ளை வட்டக்கச்சியாள்?” என்று கேட்டேன்.

“இல்லீங்கம்மா, நான்...” என்று தன் பெயரைச் சொன்னாள்.

ஒரு மணித்தியாலத்துக்கு முன் பெருவிரல் வைக்கப்பட்ட பெயர் அது. நான் படிவக் கட்டைத் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தேன். அவளும் என் கையில் இருந்த கட்டைக் கண்டுவிட்டாள். கரண்டி சட்டிக்குள் விழுந்துவிட்டது.

“அப்ப கொட்டிலில நிக்கிறது ஆர்?”

எழும்பிப் போய் தேத்தண்ணி வைத்தாள். என் உள்ளங்கையில் ஒரு பனங்கட்டித் துண்டையும் வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொன்னாள்.

“இன்னிக்கு அவ முறைங்கம்மா. நாளைக்கு நான் போவேன்.”

“அதுக்கு ஏன் பிள்ளை உம்மடை பேரில?”

“அவ பேருதான் வெட்டிட்டாங்களே. தோட்டத்துல எங்கம்மாவுக்குக் காய்ச்சல்னா எங்க சித்தி கூடையை எடுத்துக்கிட்டு எங்கம்மா பேருக்குப் போய் நிப்பாங்க. பேரு வெட்டுப்படக்கூடாதுங்கம்மா. பேரு இருந்தாத்தான் வேலை. நாங்க பொறந்ததிலருந்து அப்படித்தான்.”

பிறகு விபரம் வந்தது. வட்டக்கச்சிப் பெண்ணின் மகளுக்கு எப்போது வலிப்பு வரும் என்று தெரியாது. தனியே விட்டால் அடுப்பிலோ கிணற்றிலோ விழலாம். இவளுடைய மாமியாரும் ஆள் இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே கிடப்பா. மற்றவளின் பெயர் வெட்டுப்பட்ட கிழமையே இவள் போய், “என் வளவுக்கு வந்திரு அக்கா. ஒரு ஆள் போவோம், ஒரு ஆள் ரெண்டு பேரையும் பாப்போம்” என்று கூட்டிவந்திருக்கிறாள். கூலியும் மாவும் சரிபாதி. கொட்டிலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் இது தெரியும். எனக்கும் உத்தியோகத்தருக்கும்தான் தெரியாது.

கதை முடிய மத்தியானம் ஆகிவிட்டது, அரைநாள் வேலை முடித்து மற்றவள் வந்துவிட்டாள். என்னைக் கண்டதும் முகத்துணியை அவிழ்த்தாள். புருவமெல்லாம் மா.

“எழுதப் போறீங்களோ?” என்று நேரே கேட்டாள்.

“ஓம் பிள்ளை. நான் பொய் எழுத மாட்டன்.”

“நீங்கள் சாமி கும்பிடுற மனுசி. எங்களைக் காட்டிக்குடுக்கவோ வந்தனீங்கள்?”

வளவுக்காரி அழுதாள். “எழுதிட்டீங்கன்னா எங்க சோத்துல மண்ணுதாங்கம்மா.”

நான் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். விசயம் சின்னதல்ல. இதை எழுதினால் கள்ள அடையாளம் என்று இருந்த ஒரு இடமும் போகும், இரண்டு அடுப்பும் அணையும். எழுதாவிட்டாலும் தப்ப வழியில்லை. கூட்டத்தில் பரிசு கொடுத்த பிறகு அவளை அந்த நிறுவனத்தின் பெரிய கொட்டிலுக்கு முழுநாள் வேலைக்கு அனுப்பப் போவதாகவும், அங்கே அடையாள அட்டை பார்த்துத்தான் வரவு என்றும் உத்தியோகத்தர் எனக்குச் சொல்லியிருந்தார். அப்போது மற்றவள் போக முடியாது, இவளாலும் நாள்தோறும் போக முடியாது.

வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியே இலையில் சுற்றி அவர் முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் எழுதுவது. வெள்ளை வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்கக்கூடாது, கேட்டேன். அதுவும் வெள்ளை. இவர் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

“இன்னும் எத்தினை தரம் அந்த மனுசனைக் கரைச்சல்படுத்தப் போறாய்? எழுது எண்டால் எழுதன். என்னத்தை எழுதிறது எண்டு உன்ரை மூளையைக் கேள்” என்றார்.

அந்தக் கதை எனக்குப் பிடித்துக்கொண்டது. பொய் எழுதக்கூடாது, சரி. ஆனால் எது உண்மை? ஒருத்தி கெட்டிக்காரி, ஒருத்தி வேலைக்கு உதவாதவள் என்று இடாப்பில் இருக்கிறதே, அதுதானே பெரிய பொய்! அந்த உரல் ஒரு வருடமாக ஒரு நாளும் சும்மா கிடக்கவில்லை. அதுதானே உண்மை! இவர்களுக்கு வேலை செய்ய மனம் இல்லாமல் இல்லை, உடம்பு இல்லாமல் இல்லை. வீட்டில் நிற்க ஒரு ஆள்தான் இல்லை. நாங்கள் கொட்டில் போட்டோம், உரல் கொடுத்தோம், சுத்தம் படிப்பித்தோம். அந்த ஒரு ஆளை மட்டும் கொடுக்கவில்லை. அவர்கள் தாங்களே ஆளுக்கு ஆள் அதைக் கொடுத்துக்கொண்டார்கள்.

படிவத்தில் இடைஞ்சல் எழுத நாலு விரல் அகலம்தான் இடம். நான் பின்பக்கத்தைத் திருப்பி எழுதினேன், கொப்பியில் இரண்டு தாளும் கிழித்து எழுதினேன். இரண்டு படிவத்திலும் ‘தொடரலாம்’ பெட்டியில் புள்ளடி போட்டேன். அதை எழுதின பிறகு அந்த வளவுக்குப் போய் இரண்டு பேருக்கும் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன். வளவுக்காரி மீண்டும் அழுதாள். மற்றவள் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பிழைச்சால்? இருந்த இடமும் போனால்?” என்று கேட்டாள்.

“பிழைச்சால் நான் உங்கடை படலையில வந்து நிப்பன். என்ரை வீட்டுச் சோத்தில பாதி உங்களுக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு எவ்வளவு என்று நினைவு வந்தது.

கூட்டத்துக்கு வவுனியாவிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்திருந்தா. வயது வந்த அம்மா, கண்ணாடி. உத்தியோகத்தர் என் தாள்களை முதல் முறை அங்கேதான் வாசித்தார். நேரத்துக்குக் கொடுக்காமல் அன்றைக்குக் கொண்டுபோனது என் தந்திரம்தான், பிள்ளையார் மன்னிக்க வேண்டும். அவர் காதெல்லாம் சிவக்க என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இது மோசடி! இந்தப் பிள்ளையைத்தானே நான் ஊரெல்லாம் கெட்டிக்காரி எண்டு சொன்னனான்?”

“நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. கெட்டிக்காரி ஒராள் இல்லை, ரெண்டு பேர். அவ்வளவுதான் பிழை.”

பின்னால் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தார்கள். மேலதிகாரி அம்மா கை நீட்டித் தாள்களை வாங்கினா. எழும்பி வெளிச்சத்துக்கு வந்து நின்றபடியே வாசித்தா. பின்பக்கம் திருப்பினா. பிறகு கேட்டா: “நிறுத்தின ஆக்களில இப்பிடி வீட்டை விட்டு வர ஏலாமல் நிண்டவை எத்தினை பேர்?”

“எல்லாரும் அப்பிடித்தான் அம்மா. வேலை வேண்டாம் எண்டு நிண்ட ஒராளையும் நான் காணேல்லை.”

“பொய் அடையாளம் வைச்சது பிழை எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியும். அதை முதலாவது வரியிலயே எழுதியிருக்கிறன். ஆனால் அம்மா, அவையள் உண்மையைச் சொல்ல எங்கடை போமில இடம் இல்லை.”

இந்த வசனம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. உத்தியோகத்தர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “ஐயா, ஒரு இடத்துக்கு ரெண்டு பேரை எழுதினால் உங்களுக்கு என்ன நட்டம்?” என்று அவரைக் கேட்டா. அவர் யோசித்துவிட்டு, “ஒண்டும் இல்லை” என்றார். அந்த மனிதரையும் குறை சொல்லக்கூடாது. பொய் சொல்லாமல், எல்லாருக்கும் முன்னால், ஒன்றும் இல்லை என்றார்.

பரிசு கொடுபடவில்லை. பெரிய கொட்டில் வேலைக்கு வேறொருத்தி போனாள். வளவுக்காரிக்கு அதில் மனவருத்தம் இருந்ததோ தெரியாது, என்னிடம் சொல்லவில்லை. நிறுத்தப்பட்ட மற்றவர்களையும் இப்படிச் சோடி சேர்க்க என்னைத் திரும்ப அனுப்பினார்கள். ஆருக்கு ஆர் ஒத்துவரும், ஆர் வீடு ஆர் வீட்டுக்குக் கிட்ட என்று கல்யாணம் பேசுகிறவள் மாதிரி நடந்தேன். சில சோடி சேர்ந்தது. இரண்டு சோடி ஒரு கிழமையில் சண்டை பிடித்துப் பிரிந்தது. ஒரு சோடியை மூன்று தரம் சேர்த்துவைத்தேன்.

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே நான் கொட்டிலுக்குப் போனேன். புது இடாப்பில் ஒரு இலக்கத்துக்கு நேரே இரண்டு பெயர். முதல் நாள் வட்டக்கச்சிப் பெண்ணின் முறை. உத்தியோகத்தர் பழக்கத்தில் பெருவிரலுக்கு மைப் பெட்டியை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை, பேனையைக் கேட்டாள். அவளுக்கு எழுதத் தெரியும். என்னைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவள். அந்த ஒரு வருடமும் எழுதத் தெரியாத வளவுக்காரிக்காகப் பெருவிரல்தான் வைத்திருக்கிறாள். தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் தன் பெயரை ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள். பின்னால் வரிசை நின்றது.

“கெதியாப் பிள்ளை, கெதியா” என்றார் உத்தியோகத்தர்.

அவள் தலை நிமிரவில்லை. “கொஞ்சம் பொறுங்கோ ஐயா” என்றாள். “கனகாலத்துக்குப் பிறகு எழுதிறன்.”

அவர் பொறுத்தார். வரிசையும் பொறுத்தது. எழுதி முடித்து, ஈரம் காய ஊதிவிட்டு, துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு உரலடிக்குப் போனாள்.